கேப்டன் பீஃப்ஹார்ட்டை உள்ள எடுங்க, ஆனா தனியா எடுக்காதீங்க

ராக் இசைக்காரங்களை கௌரவப்படுத்தற கிளீவ்லேண்ட் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல யார் யாரை சேர்க்கணும்னு பேர் எடுத்துக் கொடுக்கற கமிட்டிக்கு,

வணக்கம். நான் மேடைக் கச்சேரிகள்ல ட்ரம்ஸ் வாசிக்கிறவன், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. உங்களுக்கு தமிழ் தெரியாதுன்னு தெரியும், ஆனா மனசுல இருக்கறத எனக்கு வர்ற மொழியில எழுதினாதான் சரியா வரும், யாராவது படிச்சு உங்க கிட்ட சொல்வாங்கன்னு நம்பறேன். அப்படி யாரும் சொல்லலைன்னாலும் இங்க பாட்டு கேக்கற நம்ம ஆளுங்களுக்காவது இந்த விஷயம் தெரியட்டும்.

நான் கேக்க வந்தது அமெரிக்க ராக் பாடகர் டான் வான் வ்லீட் பத்தி, உலகத்துக்கு கேப்டன் பீஃப்ஹார்ட். உங்க ரூல் படி முதல் ரெக்கார்ட் வந்து 25 வருஷம் ஆனா தகுதி வந்துரும். அவரோட முதல் சிங்கிள் 1966-ல வந்துச்சு, அப்படின்னா 1991-லயே வாசல்ல வந்து நின்னுட்டார். 2025 வரைக்கும் நீங்க உள்ள எடுத்தவங்க லிஸ்ட்ல அவர் பேர் இல்ல. அவரை ப்ரொட்யூஸ் பண்ண ஃப்ராங்க் ஸாப்பாவை 1995-ல எடுத்தீங்க. பீஃப்ஹார்ட்டை கேட்டதுக்கு அப்பறம் தன்னோட பாட்டே மாறிப்போச்சுன்னு சொன்ன டாம் வெய்ட்ஸை 2011-ல எடுத்தீங்க. பீஃப்ஹார்ட் பாட்டு மூணை 2000-ல ஒரே ரெக்கார்டா போட்ட ஒயிட் ஸ்ட்ரைப்ஸை 2025-ல எடுத்தீங்க. இவங்க யாரும் தகுதி இல்லாதவங்கன்னு நான் சொல்லல, எல்லாருமே எனக்கு புடிச்சவங்கதான். ஆனா தண்ணி எங்கிருந்து வருதுன்னு பார்க்காம வாய்க்காலுக்கு மட்டும் மாலை போட்டுட்டு இருக்கீங்க.

ஆனா இந்த மடல் அதுக்கு மட்டும் இல்ல. என்னைக்காவது ஒருநாள் நீங்க அவரை எடுக்கத்தான் போறீங்க, அப்ப கூட வாசிச்ச மேஜிக் பேண்டை விட்டுட்டு அவரை தனியா எடுத்துராதீங்கன்னு சொல்லத்தான் முக்கியமா எழுதறேன்.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். 1941-ல கலிஃபோர்னியா க்ளெண்டேல்ல பிறந்தவர். சின்ன வயசுல சிற்பம் செய்யறதுல அப்படி ஒரு கை, மிருகக்காட்சி சாலைக்குப் போய் பார்த்துப் பார்த்து மிருகங்களை களிமண்ணுல செய்வாராம், டிவியில கூட வந்திருக்கார். அப்பறம் குடும்பம் மொஹாவி பாலைவனத்துல இருக்கற லேங்காஸ்டருக்குப் போச்சு. வெயிலும் புழுதியுமா கெடக்கற ஊர். அங்க ஸ்கூல்ல கூட படிச்ச பையன்தான் ஃப்ராங்க் ஸாப்பா. ரெண்டு பேரும் ராத்திரி முழுக்க பழைய ப்ளூஸ் ரெக்கார்டா போட்டு கேட்டே வளர்ந்தாங்க. பீஃப்ஹார்ட் குரல்ல ப்ளூஸ் பாடகர் ஹவுலின் உல்ஃப் இருக்கார், அந்த அடித்தொண்டை கர்ஜனை, ஆனா அங்கிருந்து கிளம்பி திடீர்னு எங்கயோ உச்சிக்குப் போயிரும், அதே மூச்சுல கீழயும் வரும்.

முதல் ஆல்பம் 1967. அதுல கிட்டார் ரை கூடர், அப்ப அவருக்கு இருபது வயசு. கேட்டீங்கன்னா நல்ல முறுக்கேறின ப்ளூஸ் ராக், யாரும் பயந்து ஓட மாட்டாங்க. மாண்டெரி பாப் ஃபெஸ்டிவல்ல வாசிக்கிற வாய்ப்பு கூட கைக்கு எட்டின தூரத்துல இருந்துச்சு, அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி நடந்த ஒரு கச்சேரியில பாதிப் பாட்டுல கேப்டன் மேடையை விட்டு இறங்கிப் போயிட்டார், ரை கூடர் போதும்டா சாமின்னு விலகிட்டார், மாண்டெரியும் போச்சு. இது மாதிரி கதைங்க அவரைப் பத்தி நெறைய சுத்துது, எல்லாரும் சிரிச்சிட்டே சொல்வாங்க. எனக்கு அந்தக் கதைங்க மேல பெரிய ஈர்ப்பு இல்ல. எனக்கு 1969 போதும்.

அந்த வருஷம் வந்த டபுள் ஆல்பம்தான் ட்ரௌட் மாஸ்க் ரெப்ளிகா. 28 பாட்டு. கவர்ல ஒரு நிஜ கெண்டை மீன் தலையை முகத்துக்கு நேரா புடிச்சிட்டு தொப்பியோட ஒரு ஆள் நிக்கறார், அது அவர்தான். முதல் தடவை நான் கேட்டப்ப நாலு பேரு நாலு ரூம்ல தனித்தனியா வாசிச்சதை யாரோ ஒண்ணா ஒட்டிட்டாங்கன்னு நினைச்சேன், ரெண்டாவது பாட்டுலயே நிறுத்திட்டேன். சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் படைச்ச மேட் க்ரோனிங்கும் இதேதான் சொல்றார், முதல்ல கேட்டப்ப இவ்வளவு மோசமா ஒண்ணு கேட்டதே இல்லன்னு தோணுச்சாம், ஆனாலும் விடாம ஆறு ஏழு தடவை கேட்டப்பறம் இதை விட சிறந்த ஆல்பமே இல்லன்னு ஆயிருச்சாம். எனக்கு அது நடக்க இன்னும் அதிக தடவை ஆச்சு, கடைசியில கதவைத் திறந்து விட்டது ட்ரம்ஸ்தான்.

ஒருநாள் சும்மா இருக்கட்டும்னு ட்ரம்ஸை மட்டும் புடிச்சிட்டு கேட்டேன். மத்த எதையும் காதுல வாங்காம கிக், ஸ்நேர், ஹை-ஹேட் மட்டும் பின்னாடியே போனேன். அப்பதான் புரிஞ்சுது, இது தாறுமாறு இல்ல, இது கணக்கு. ஒரு கிட்டார் ஒரு நீளத்துல சுத்துது, இன்னொரு கிட்டார் வேற நீளத்துல சுத்துது, பேஸ் அதுக்கும் மேல தனியா ஒரு வழியில போகுது, எல்லாம் எங்கயோ ஒரு எடுப்புல வந்து சந்திக்குது, சந்திச்ச அடுத்த நொடியே தூக்கிப் போட்டுட்டு அடுத்த பகுதிக்குப் போயிருது. நடுவுல உக்காந்து இதையெல்லாம் கட்டி வச்சிருக்கறது ட்ரம்மர். அவர் நாலு பேரோட காலப்பிரமாணத்தையும் ரெண்டு கை ரெண்டு கால்ல பிரிச்சு வச்சிருக்கார். நம்ம ஊர்ல கோர்வை வச்சு முடிக்கிற ஆளுங்களைப் பார்த்திருக்கேன், சபையே கைதட்டும், இந்த மனுஷன் ஒரு பாட்டுக்குள்ள அந்த மாதிரி பத்து இடத்துல வந்து சேர்றார், சேர்ந்த இடத்துல நிக்கறது கூட இல்ல. நான் பேடை எடுத்து வச்சு கூட வாசிக்கப் பார்த்தேன், முதல் பாட்டு ஃப்ரௌன்லேண்ட்ல ரெண்டு நிமிஷம் கூட இல்ல, அதுக்கே பல வாரம் ஆச்சு, இன்னும் முழுசா வரல.

அந்த ட்ரம்மர் பேர் ஜான் ஃப்ரெஞ்ச். பேண்டுல அவருக்கு வச்ச பேர் ட்ரம்போ. 1948-ல பிறந்தவர், அப்படின்னா அந்த ஆல்பம் பண்ணப்ப இருபது வயசுதான்.

அது எப்படி உருவாச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, இருந்தாலும் சொல்றேன், ஏன்னா என் வேண்டுகோள் முழுக்க இதுலதான் இருக்கு. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வுட்லேண்ட் ஹில்ஸ்ல ஒரு சின்ன வாடகை வீடு. சுமார் எட்டு மாசம் எல்லாரும் அதுக்குள்ளயேதான் இருந்தாங்க. கேப்டனுக்கு பியானோ வாசிக்கத் தெரியாது. தெரியாததாலதான் பியானோ முன்னாடி உக்காந்தார், விரலுக்கு பழக்கம் இல்லாததால எந்தப் பழைய ராகமும் பழைய கார்டும் தானா வந்து விழாது. அவர் பாட்டுக்கு துண்டு துண்டா அடிப்பார், பக்கத்துல நோட்டோட உக்காந்து அதை ஸ்வரம் ஸ்வரமா எழுதினது ட்ரம்போ. சிலது விசில் அடிச்சுக் காட்டுவார், சிலது வாயால பாடிக் காட்டுவார், அதையும் புடிக்கணும். எழுதி வச்ச துண்டுகளை எடுத்து எது எதுக்கு அப்பறம் வரும், இது எந்த கிட்டாருக்கு, அது பேஸுக்கு எப்படி உக்காரும்னு பார்த்து ஒவ்வொருத்தருக்கா சொல்லிக் கொடுத்ததும் ட்ரம்போதான். பியானோவுல பத்து விரல்ல அடிச்சது கிட்டார்ல ஆறு கம்பியில எப்படி வரும், அதுக்கு ஒரு வழி கண்டுபிடிக்கணும் இல்லையா, கிட்டார் வாசிச்ச பில் ஹார்க்கில்ரோடும் ஜெஃப் காட்டனும் பேஸ் வாசிச்ச மார்க் பாஸ்டனும் விரல் வளையற வரைக்கும் மல்லுக்கட்டி கண்டுபிடிச்சாங்க. ஒரு நாளைக்கு பன்னெண்டு பதினாலு மணி நேரம் ப்ராக்டிஸ். கடைசியில ட்ரம்போ தனக்கான ட்ரம்ஸையும் தானே உருவாக்கிக்கணும்.

அந்த வீட்டுல சாப்பாடு கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு சின்ன கப் சோயாபீன்ஸ்ல ஓட்டின காலம் உண்டுன்னு ட்ரம்போ பின்னாடி எழுதியிருக்கார். பசி தாங்க முடியாம கடையில சாப்பாட்டுச் சாமான் திருடி போலீஸ்ல மாட்டினாங்க, ஸாப்பாதான் பணம் கட்டி வெளிய எடுத்தார். கேப்டன் முன்ன நின்னு நடத்த, அடிக்கடி யாரோ ஒருத்தரை நடுவுல உக்கார வச்சு, எல்லாத்துக்கும் நீதான் காரணம்னு மணிக்கணக்கா, சில சமயம் நாள்கணக்கா திட்டி உடைக்கறது நடக்கும், உடைஞ்சு அழுது ஒத்துக்கற வரைக்கும் விட மாட்டாங்க, அப்பறம் வேற ஒருத்தர். அடிதடியும் இருந்துச்சு. இருபது வயசுப் பசங்க.

அப்படி கத்துக்கிட்டு போய் க்ளெண்டேல்ல விட்னி ஸ்டூடியோவுல உக்காந்தாங்க, சுமார் ஆறு மணி நேரத்துக்குள்ள இருபது பாட்டோட இசை முழுக்க வாசிச்சு முடிச்சிட்டாங்க. இருபது பாட்டு! ஸ்டூடியோவுல வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும் அது என்னன்னு. கேப்டன் அதுக்கப்பறம் வந்து ஹெட்ஃபோன் வேண்டாம்னுட்டு, கண்ணாடி வழியா கசியற சத்தத்தை வச்சே பாடினார், அதனாலதான் குரல் இசைக்கு மேல மிதந்துட்டு ஒட்டாம போற மாதிரி இருக்கும், அது ஒரு தனி அழகு, அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. 1999-ல வந்த பாக்ஸ் செட்ல அந்த வீட்டுல ப்ராக்டிஸ் பண்ண டேப்புங்க இருக்கு. அதையும் ஆல்பத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கேளுங்க. கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். கேக்கறவன் தோணினதை வாசிச்சாங்கன்னு நினைக்கிற ஒவ்வொரு அடியும் மனப்பாடம் பண்ணது.

ரெக்கார்டிங் முடிஞ்சு கொஞ்ச நாள்ல சண்டை வந்து ட்ரம்போவை வீட்டை விட்டு துரத்திட்டாங்க. ஆல்பம் வெளிய வந்துச்சு. இப்ப நீங்க அந்த முதல் பதிப்போட உறையை எடுத்து, வாசிச்சவங்க பேர் இருக்கற இடத்தைப் படிங்க. ஸூட் ஹார்ன் ரோலோ இருக்கார், அதுதான் பில் ஹார்க்கில்ரோட். ஆன்டெனா ஜிம்மி ஸீமன்ஸ் இருக்கார், ஜெஃப் காட்டன். ராக்கெட் மார்ட்டன் இருக்கார், மார்க் பாஸ்டன். மஸ்காரா ஸ்நேக் இருக்கார், கேப்டனோட சொந்தக்காரப் பையன், பேஸ் க்ளாரினெட். கேப்டன் இருக்கார். ட்ரம்மர் இல்ல. ஆல்பம் முழுக்க ட்ரம்ஸ் ஓடுது, உறையில ட்ரம்ஸ்ன்னு ஒரு வார்த்தை கூட இல்ல. எழுதினவன், சொல்லிக் கொடுத்தவன், வாசிச்சவன், மூணும் ஒரே ஆள், அந்த ஆளோட பேரை எடுத்துட்டாங்க.

நான் இதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு ராத்திரி தூங்கல. ஏன்னா எனக்கும் ஒரு தடவை இப்படி நடந்திருக்கு. ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு பக்திப்பாட்டு சிடிக்கு நாலு நாள் வாசிச்சேன், தாளம் எல்லாம் நான்தான் போட்டேன், மத்தவங்களுக்கு எழுதியும் கொடுத்தேன். சிடி வந்தப்ப ஆசையா அம்மா கிட்ட காட்டலாம்னு எடுத்துட்டுப் போனேன். அம்மா கண்ணாடி போட்டுட்டு பின்பக்கம் ஒவ்வொரு பேரா விரல் வச்சு படிச்சாங்க. ரெண்டு தடவை படிச்சாங்க. அப்பறம் ஒண்ணும் சொல்லாம அதை பூஜை அலமாரியில வச்சுட்டாங்க. இது ஒரு சின்ன விஷயம், ட்ரம்போவுக்கு நடந்ததுக்கு பக்கத்துல வைக்கவே முடியாது, ஆனா பேர் இல்லாத உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

இதோட முடிஞ்சிருந்தா கூட பரவாயில்ல. கேப்டன் அப்பறம் பேட்டிகள்ல என்ன சொன்னார்னா, மொத்த ஆல்பத்தையும் பியானோவுல எட்டு மணி நேரம் சொச்சத்துல எழுதிட்டேன், இந்தப் பசங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, வாத்தியம் புடிக்கறதுல இருந்து நான்தான் சொல்லிக் கொடுத்தேன்னார். அந்தப் பசங்க அதுக்கு முன்னாடியே பாலைவனத்து ஊர்கள்ல பேண்டு பேண்டா வாசிச்சவங்க. ஆனா பத்திரிகைக்காரங்களுக்கு அந்தக் கதை ரொம்ப புடிச்சிருந்துச்சு, கிறுக்குப் புடிச்ச மேதை, தனி ஆள், வானத்துல இருந்து இறங்கினது மாதிரி. இன்னைக்கு வரைக்கும் அதையே எழுதிட்டு இருக்காங்க. ஹார்க்கில்ரோட் 1998-ல புத்தகம் எழுதி சொன்னார், ட்ரம்போ 2010-ல தலையணை சைஸுக்கு ஒரு புத்தகம் எழுதி நாள் வாரியா சொன்னார். அதுக்கப்பறமும் அந்த எட்டு மணி நேரக் கதை சாகல.

இப்ப உங்க வீட்டு விஷயத்துக்கு வர்றேன். 1986-ல நீங்க ஆளுங்களை எடுக்க ஆரம்பிச்ச முதல் வருஷமே ஜேம்ஸ் ப்ரௌனை எடுத்தீங்க, கூட இருந்த ஃபேமஸ் ஃப்ளேம்ஸை விட்டுட்டீங்க. பட்டி ஹாலியை எடுத்தீங்க, க்ரிக்கெட்ஸை விட்டீங்க. அடுத்த வருஷம் ஸ்மோக்கி ராபின்சன் உள்ள, மிராக்கிள்ஸ் வெளிய. பில் ஹேலி உள்ள, காமெட்ஸ் வெளிய. 2012-ல தப்புன்னு புரிஞ்சு, தனியா ஒரு கமிட்டி போட்டு ஆறு குழுவை ஒரே நாள்ல எடுத்தீங்க, மிட்நைட்டர்ஸும் ப்ளூ கேப்ஸும் அதுல சேர்த்தி. அந்தத் தப்பை ஒத்துக்கிட்டதுக்கு உங்களை நான் மதிக்கறேன், பெரிய இடத்துல இருக்கறவங்க அவ்வளவு லேசுல செய்ய மாட்டாங்க. ஆனா அதுக்கு 26 வருஷம் ஆச்சு, அதுக்குள்ள அந்தக் குழுக்கள்ல எத்தனையோ பேர் செத்துப்போயிட்டாங்க, மேடையில அவங்க பேரை அவங்க பிள்ளைங்கதான் கேட்டாங்க. மேஜிக் பேண்டுக்கும் அதே மாதிரி பண்ணிராதீங்க, பண்ணா இந்தத் தடவை தெரியாம பண்ணோம்னு சொல்ல முடியாது.

சில பேர் இன்னொரு பக்கம் பேசறாங்க, அவங்களுக்கும் பதில் சொல்லணும். இவ்வளவு கொடுமை பண்ண ஆளுக்கு எதுக்கு மரியாதை, வெளியவே நிக்கட்டும்னு. அந்தக் கோபம் எனக்கும் வந்துச்சு, சில மாசம் அந்த ஆல்பத்தை தொடவே இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க, அவரை வெளிய நிறுத்தினா கூடவே வெளிய நிக்கப்போறது அந்த நாலு பேரும்தான். பட்டினி கெடந்து செஞ்ச வேலைக்கு அப்பவும் கூலி இல்ல, இப்பவும் இல்லன்னு ஆயிரும். அந்த இசை அவரோட மூளையில இருந்து வந்துச்சு, அதை நான் மறுக்கவே இல்ல, அவர் இல்லாம ட்ரம்போ தனியா அதை யோசிச்சிருக்க மாட்டார், ட்ரம்போவே அப்படி எங்கயும் சொல்லிக்கல. கேப்டனை ஏசிட்டே அந்த இசைக்குத் திரும்பத் திரும்ப வந்தவர் அவர். துரத்தினப்பறம் மறுபடி வந்து அடுத்த ஆல்பத்துல வாசிச்சார், 1975-ல வந்தார், 1980 ஆல்பத்துல ட்ரம்ஸ் மட்டும் இல்லாம கிட்டார், பேஸ், மரிம்பா கூட வாசிச்சார். 2003-ல பழைய ஆளுங்களைச் சேர்த்து மேஜிக் பேண்டை மறுபடி மேடையேத்தினப்ப, கேப்டன் இடத்துல நின்னு பாடினது யாருன்னு நினைக்கறீங்க, அதே ட்ரம்போதான். இங்கிலாந்துலயும் ஐரோப்பாவுலயும் எத்தனை சின்னச் சின்ன ஹால்ல அந்தப் பாட்டுங்களை உயிரோட வச்சிருந்தார்.

கேப்டன் அதுக்குள்ள எங்கயோ போயிட்டார். 1974-ல ரெண்டு சுமாரான ஆல்பம், அதுக்கு நடுவுல மொத்த பேண்டும் விட்டுட்டுப் போனது, அப்பறம் இளசுங்களை வச்சு 1978-ல இருந்து 1982 வரைக்கும் போட்ட மூணு அருமையான ஆல்பம், அதோட இசையை மூட்டை கட்டிட்டார். கலிஃபோர்னியாவோட வடக்குக் கடலோரம் ட்ரினிடாட்ங்கற சின்ன ஊர்ல உக்காந்து படம் வரைஞ்சார். 1985-ல நியூயார்க்ல கண்காட்சி வச்சாங்க, ஓவியரா நல்ல பேரும் வந்துச்சு. மல்ட்டிப்பிள் ஸ்க்லெரோசிஸ்ங்கற நரம்பு நோய் அவரை மெல்ல மெல்ல முடக்கிருச்சு, 2010 டிசம்பர்ல போய்ச் சேர்ந்தார். அந்த வருஷப் பட்டியல்லதான் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் ட்ரௌட் மாஸ்க் ரெப்ளிகாவை தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டுல சேர்த்தாங்க. உங்க நாட்டு அரசாங்க நூலகமே பத்திரமா வைக்கணும்னு முடிவு பண்ணது உங்க வாசலுக்கு வெளிய நிக்குது.

அதனால நான் கேக்கறது இதுதான். கேப்டன் பீஃப்ஹார்ட் அண்ட் ஹிஸ் மேஜிக் பேண்டுன்னு முழுப் பேர்ல எடுங்க, ஆல்பத்துலயே பேர் அப்படித்தான் இருக்கு. குழுவை எடுக்கும்போது யார் யார் பேர் சேரணும்னு நீங்கதான் முடிவு பண்றீங்க, அங்கதான் எனக்கு பயம். ரை கூடர் பேர் பெரிய பேருன்னு அவரை முன்னாடி வச்சுட்டு மத்தவங்களை விட்டுராதீங்க. 1960-கள்ல பேண்டையே ஆரம்பிச்ச அலெக்ஸ் ஸ்னௌஃபர் இருக்கணும். ஹார்க்கில்ரோட், பாஸ்டன், காட்டன் இருக்கணும். விக்டர் ஹேடன், அதான் அந்த மஸ்காரா ஸ்நேக், இருக்கணும். மரிம்பா வாசிச்ச ஆர்ட் ட்ரிப் இருக்கணும். கடைசிக் காலத்துல கூட இருந்த எரிக் ட்ரூ ஃபெல்ட்மேன், ஜெஃப் டெப்பர், கேரி லூகாஸ் பேரையும் மறக்காதீங்க.

அப்பறம் பலகையில பேர் பொறிக்கும்போது ஒவ்வொருத்தர் பேர் பக்கத்துலயும் என்ன வாசிச்சாங்கன்னு எழுதுவீங்களான்னு தெரியல. வழக்கம் இல்லன்னாலும் ஒரே ஒருத்தருக்கு மட்டும் எழுதுங்க. 1969-ல அந்த உறையில வந்திருக்க வேண்டிய வரிதான், புதுசா ஒண்ணும் கேக்கல: ஜான் ஃப்ரெஞ்ச், ட்ரம்ஸ். இடம் இருந்தா அதுக்குப் பக்கத்துலயே, பியானோவுல இருந்து நோட்டுல எழுதி எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவர்னும் போடுங்க.

அன்போட,
மேடையில பின்னாடி உக்காந்து வாசிக்கிற ஒரு ட்ரம்மர்